சுங்கை சிப்புட் கேசட்டில் இருப்பது எந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்'?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, 1980களின் தொடக்கத்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய, பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் கேசட் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார். 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' என்று அட்டையில் போட்டிருக்கும் அந்தக் கேசட்டின் முதல் பக்கம் 'ஒன் ஆஃப் தீஸ் டேய்ஸ்' என்ற பாடலோடும், இரண்டாம் பக்கம் 'ஃபிரீ ஃபோர்' என்ற பாடலோடும் முடிகின்றன. கைப்பேசியில் கேட்கும் ஆல்பத்தில் இவ்விரண்டும் இல்லாததால், இப்போது வருவது குறைத்துப் போட்ட பதிப்பு என்பது அப்பாவின் முடிவு. மறுபக்கம், மாதம் ஒருமுறை ஒட்டுக்கடையின் பின்கட்டில் கூடிப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்கும் குழுவில் ஒரு பெரியவர், 1972இல் லண்டனில் பதிவான பூட்லெக் தட்டை, அதாவது குழு வெளியிடாத கச்சேரியைக் கள்ளத்தனமாக எடுத்துப் போட்ட தட்டைக் காட்டி, இதுதான் அசல், ஆல்பமே இதைப் பார்த்துச் செய்ததுதான் என்று சொல்லி 350 வெள்ளிக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி, அந்தத் தட்டை வாங்கலாமா, அடுத்த கூட்டத்தில் எதை எந்த வரிசையில் போடுவது என்பவை தம்பியின் கேள்விகள்.

அப்பா சொல்வது சரியன்று. ஆனால் அவர் அப்படி நம்புவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. தட்டை அந்த விலைக்கு வாங்க வேண்டாம். இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

1973 மார்ச்சில் வெளிவந்த ஆல்பத்தில் இருப்பவை பத்துப் பகுதிகள், மொத்தம் ஏறத்தாழ 43 நிமிடம். இசைத்தட்டின் முதல் பக்கம் 'ஸ்பீக் டு மீ'யில் இதயத் துடிப்போடு தொடங்கி, 'பிரீத்', 'ஆன் த ரன்', 'டைம்' வழியாக 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் முடிகிறது. இதற்கு 19 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டாம் பக்கம் 'மணி'யில் தொடங்கி, 'அஸ் அண்ட் தெம்', 'எனி கலர் யூ லைக்', 'பிரெயின் டேமேஜ்' வழியாக 'எக்லிப்ஸ்' வரை சென்று, மீண்டும் அதே இதயத் துடிப்பில் அடங்குகிறது. இதற்கு 23 நிமிடத்துக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அப்பாவின் கேசட்டைப் பாருங்கள். அக்காலத்தில் நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய சி-60 நாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் உண்டு. ஆல்பத்தை அப்படியே ஏற்றினால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ பதினொரு நிமிடமும், மறுபக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேலும் வெற்று நாடா ஓடும். காசு கொடுத்தவருக்கு வெற்று நாடாவைக் கொடுப்பதில் வியாபாரிக்கு மனம் ஒப்புவதில்லை. ஆகவே, 1971இல் வந்த 'மெடல்' ஆல்பத்திலிருந்து ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் 'ஒன் ஆஃப் தீஸ் டேய்ஸ்', 1972இல் வந்த 'அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்' ஆல்பத்திலிருந்து நான்கு நிமிடம் சொச்சம் ஓடும் 'ஃபிரீ ஃபோர்' ஆகியவற்றை எடுத்து இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். இரண்டும் அதே குழுவின் பாடல்களே. ஆனால் ஒன்று முந்தைய ஆல்பத்தைச் சேர்ந்தது, மற்றொன்று ஒரு பிரெஞ்சுப் படத்துக்காகச் செய்த இசையைச் சேர்ந்தது. 'டார்க் சைட்' ஆல்பத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

சேகரிப்பவர்கள் கறாராகப் பிரித்துப் பேசும் ஒரு வேறுபாடு இங்கே தேவைப்படுகிறது. அப்பாவின் கேசட் பூட்லெக் அன்று. அது கள்ள நகல். கடையில் முறைப்படி விற்ற பதிவை உரிமையில்லாமல் படியெடுத்து மலிவாக விற்பது கள்ள நகல். அட்டை, முத்திரை, நிறுவனப் பெயர் வரை அச்சாக ஒத்திருக்கும்படி செய்து அசல் என்று நம்ப வைப்பது போலி. குழுவே வெளியிடாத ஒன்றை, அதாவது மேடைக் கச்சேரியையோ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒதுக்கிவைத்த நாடாவையோ, யாரோ எடுத்துத் தட்டாக்கி விற்பது பூட்லெக். மூன்றும் சட்டத்துக்குப் புறம்பானவையே என்றாலும், முதலிரண்டில் புதிதாகக் கேட்பதற்கு எதுவுமில்லை. மூன்றாவதில் வேறெங்கும் கிடைக்காத இசை இருக்கலாம். பெரியவரின் தட்டு இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்த ஒன்றின் நகலாகவும் இருக்கலாம். அப்படியானால் அது கள்ளத் தட்டுக்கும் ஒரு கள்ளத் தட்டு.

நம் வட்டாரத்தில் பூட்லெக் அரிதாகவும் கள்ள நகல் மலிந்தும் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரசிகர்களிடம் ஆல்பம் முறைப்படி இருந்தது. அதற்கு மேல் என்ன என்று தேடியவர்களுக்காகத் தோன்றியது பூட்லெக். 1969இல் அமெரிக்காவில் பாப் டிலனின் வெளிவராத பாடல்களைத் தொகுத்து வெள்ளை அட்டையில் வந்த 'கிரேட் வொயிட் வொண்டர்' அந்த வழியைத் திறந்துவிட்டது. இங்கேயோ ஆல்பமே எட்டாக்கனி. தோட்டத்து மாதச் சம்பளத்தில் ஓர் இறக்குமதி இசைத்தட்டு என்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஈப்போ கடைக்கே போய் வர வேண்டும். வாங்கினாலும் லயத்து வீட்டில் அதைச் சுழற்ற ஒரு பெட்டி வேண்டும். கேசட்டோ மின்கல வானொலிப் பெட்டியிலேயே ஓடும். சட்டமும் அன்று நெருக்கவில்லை. இன்று நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பதிப்புரிமைக்கான அனைத்துலகப் பெர்ன் ஒப்பந்தத்தில் மலேசியா சேர்ந்தது 1990இல். அதற்கு முன் சிங்கப்பூரிலும் இங்கும் நகல் கேசட் வியாபாரம் பட்டப்பகலில் நடந்தது.

வாங்கியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டம் என்றாலே பழைய தமிழ்த் திரைப்பாட்டும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் மட்டும்தான் என்று நகரத்தார் நினைக்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறத் தொடங்கின; அதற்கு முன் சேர்ந்து ஆங்கிலத்தில் படித்த கடைசித் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் கிராணிமாராகவும், ஆசிரியர்களாகவும், தோட்ட மருத்துவமனை உதவியாளர்களாகவும் ஆனார்கள். இந்த இசை அவர்களிடம்தான் முதலில் வந்து சேர்ந்தது. பினாங்கிலிருந்து எழுந்து நாடே கொண்டாடிய 'ஆலிகேட்ஸ்' குழுவை நடத்திய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களும் அக்காலத்துத் தமிழ் இளைஞர்களே. கிதார் நமக்கு அந்நியம் என்பது பிற்காலத்தில் கட்டிய கதை.

இப்போது பெரியவரின் பாதி உண்மைக்கு வருகிறேன். விஷயம் சுவைக்கத் தொடங்கும் இடம் இதுதான்.

பிங்க் ஃபிளாய்ட் இந்தப் படைப்பை ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுதவில்லை. மனிதனைப் பித்துப் பிடிக்க வைக்கும் அழுத்தங்களான காலம், பணம், பயணம், சாவு ஆகியவற்றைச் சுற்றி ஒரு தொடர்ச்சியான படைப்பாகச் செய்யலாம் என்று குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் முன்வைத்த யோசனையை, 1971 இறுதியிலும் 1972 தொடக்கத்திலும் ஒத்திகை பார்த்து, அப்படியே மேடையேற்றினார்கள். 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் நகரில் முதன்முறையாக வாசித்தபோது, 'மணி' பாடலின் நடுவே கருவிகள் கோளாறு செய்ததால் தொடர முடியாமல் நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி 17 முதல் 20 வரை லண்டன் ரெயின்போ அரங்கில் நான்கு இரவுகள் முழுமையாக வாசித்தார்கள். ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு ஏபி ரோடு கூடத்தில் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகு, கோடைக்காலத்தில்தான். ஆக, ஆல்பம் கடைக்கு வருவதற்கு ஓராண்டுக்கும் முன்பே கச்சேரிக்குப் போனவர்கள் அதை முழுவதுமாகக் கேட்டுவிட்டார்கள். தலைப்பிலும் ஒரு சிக்கல் வந்தது. 'மெடிசின் ஹெட்' என்ற மற்றொரு குழு அதே தலைப்பில் 1972இல் ஆல்பம் வெளியிட்டதால், இவர்கள் தங்கள் படைப்பைச் சில காலம் 'எக்லிப்ஸ்' என்று அழைத்தார்கள். அந்த ஆல்பம் எடுபடாமல் போகவே பழைய தலைப்புக்குத் திரும்பினார்கள்.

ரெயின்போ அரங்கில் பார்வையாளர் இருக்கையிலிருந்து யாரோ பதிவு செய்த நாடா, சில வாரங்களிலேயே 'பெஸ்ட் ஆஃப் டூர் 72' என்ற பெயரில் தட்டாக வந்தது. பாடல் வரிகளோடும் படங்களோடும் நேர்த்தியாக அச்சிட்டிருந்ததால், பலர் அதைக் குழுவின் புதிய ஆல்பம் என்றே நம்பி வாங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது என்று பேசப்படுகிறது. அதை அசல் என்று பெரியவர் சொல்வதற்கு இந்தக் கதைதான் அடிப்படை. முதலில் வந்தது அதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதலில் வந்ததெல்லாம் அசல் ஆகிவிடாது. அந்தத் தட்டில் கேட்பது அரைகுறையாக வெந்த ஒரு படைப்பு. அதன் மதிப்பே அது வேகாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

எப்படி என்று பகுதி பகுதியாகக் கேட்டால் புரியும். 'பிரீத்' ஏறக்குறைய இப்போதிருப்பது போலவே அன்றும் இருக்கிறது. அடுத்து வர வேண்டிய 'ஆன் த ரன்' அன்று இல்லை; அந்த இடத்தில் 'டிராவல் சீக்வென்ஸ்' என்று அவர்கள் அழைத்த, கிதாரும் மின்பியானோவும் துரத்தி விளையாடும் ஒரு நீண்ட வாசிப்பு இருந்தது. கெட்டிக்கார வாசிப்புத்தான், ஆனால் அக்காலத்தில் எந்தக் குழுவும் வாசித்திருக்கக்கூடியது. கூடத்துக்குள் போன பிறகு, 'சிந்தி ஏ.கே.எஸ்.' என்ற சிறிய பெட்டி சின்தசைசரில் எட்டுச் சுரங்களை அழுத்திவைத்து, அதை அசுர வேகத்தில் சுழலவிட்டு, மேலே விமான நிலைய அறிவிப்பையும் ஓடும் காலடி ஓசையையும் ஏற்றினார்கள். பயணத்தின் பதற்றத்தை வாசித்துக் காட்டுவதை விட்டுவிட்டுக் கேட்பவரையே அதற்குள் தள்ளிய மாற்றம் அது. பூட்லெக்கைக் கேட்காதவருக்கு இது இயல்பாகவே தோன்றும். எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்காது.

'டைம்' அன்று மெதுவாக நடந்தது. குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரும் விசைப்பலகை வாசித்த ரிச்சர்ட் ரைட்டும் சேர்ந்து பாடினார்கள். ஆல்பத்தில் கில்மோர் தனிக்குரலில் உரத்துப் பாடி, இடைப்பகுதியை மட்டும் ரைட்டின் மென்குரலுக்கு விட்டார். எனக்கென்னவோ மெதுவான பழைய நடையும் பிடிக்கும். காலம் போய்விட்டதே என்ற சலிப்பு அதில் கூடுதலாகத் தெரிகிறது. குழுவில் இதை ஒத்துக்கொள்பவர் இருக்க மாட்டார் என்பதும் தெரியும். பாடலின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அலறும் கடிகாரங்கள் பூட்லெக்கில் இல்லை. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் நான்கு திசை ஒலியைக் காட்டுவதற்காக ஒரு பழம்பொருள் கடிகாரக் கடையில் தனித்தனியே பதிவு செய்து வைத்திருந்த ஓசைகள் அவை.

மிகப் பெரிய வேறுபாடு 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் இருக்கிறது. மேடையில் அது சாவைப் பற்றிய பகுதி என்பதால், ரைட்டின் ஆர்கன் இசைக்கு மேல் பைபிள் வாசகங்களும், மால்கம் மக்கரிட்ஜ் என்ற பத்திரிகையாளரின் பேச்சும் நாடாவிலிருந்து ஒலித்தன. குத்தலான கிண்டல் அது. ஒருமுறை கேட்டால் போதும். கூடத்தில் அதை ஒதுக்கிப் பியானோவுக்கு மாறினார்கள். விண்வெளி வீரர்களின் பேச்சைப் போட்டுப் பார்த்ததும் உண்டு. எதுவும் ஒட்டாமல், 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்துச் சொற்களே இல்லாமல் பாடச் சொன்னார்கள். அன்று அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. சொல் இல்லாத அந்த ஓலம்தான் இன்று உலகம் முழுவதும் அறிந்த பாடல். 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார்; அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, ரைட்டோடு சேர்த்து அவர் பெயரும் இசையமைப்பாளராகப் பதிவாகிறது. நம் ஊரில் சாவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடலை விளக்கத் தேவையில்லை.

'மணி', 'அஸ் அண்ட் தெம்' இரண்டிலும் நாம் எதிர்பார்க்கும் சாக்ஸஃபோன் 1972 மேடைகளில் கிடையாது. அதை வாசித்த டிக் பாரி கூடத்தில்தான் வந்து சேர்ந்தார். பின்னணி பாடும் பெண் குரல்களும் இல்லை. 'அஸ் அண்ட் தெம்' மெட்டு இன்னும் பழையது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஜப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் போட்டு, படத்தில் இடம் பெறாமல் போன பியானோ இசை அது. 'எனி கலர் யூ லைக்' மட்டும் என் கணிப்பில் மேடையில்தான் மேல்; கிதாரோடு கில்மோர் தன் குரலையும் சேர்த்து இழுக்கும் சில பதிவுகளைக் கேட்ட பிறகு ஆல்பத்தில் இருப்பது சற்றுச் சுருக்கமாகப் படுகிறது. பிரைட்டனில் வாசித்தபோது 'எக்லிப்ஸ்' இன்னும் எழுதப்படவே இல்லை. முடிவு சரியில்லை என்று உணர்ந்து சுற்றுப்பயணத்தின் போக்கில் வாட்டர்ஸ் எழுதிச் சேர்த்தது அது. இந்த ஆல்பத்துக்கு அந்த முடிவு இல்லாத ஒரு காலம் இருந்தது என்பதைப் பூட்லெக் இல்லாவிட்டால் காதால் அறிய வழியில்லை.

இனி அப்பாவின் கேசட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அது பூட்லெக் அன்று என்பதற்காக ஒதுக்கத்தக்கதும் அன்று. 'எக்லிப்ஸ்' முடிந்து இதயத் துடிப்பு மெல்லக் கரையும் இடத்தில் குழு விரும்பியது மௌனம். அந்த இடத்தில் எண்ணிக்கை சொல்லித் துள்ளலாகத் தொடங்கும் 'ஃபிரீ ஃபோர்' பாய்ந்து வருவது, இறுதிச் சடங்கு முடிவதற்குள் உறுமி மேளம் அடித்தது போல்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாடலும் முதுமையையும் சாவையும் பற்றியதே. மெட்டு மட்டும்தான் துள்ளுகிறது. நாடாவை நிரப்பியவர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார், நிமிடக் கணக்குக்குப் பொருந்தியதைப் போட்டிருப்பார். இருந்தும் இருபது முப்பது ஆண்டுகள் அந்த வரிசையிலேயே கேட்ட காதுக்கு, அதில்லாத ஆல்பம் பாதியில் அறுந்தது போல் கேட்பது இயற்கை. அப்பாவிடம் வாதாடாமல், 'அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்' ஆல்பத்தைத் திறந்து அந்தப் பாடல் அங்கே இருப்பதைக் காட்டுங்கள். அவர் இழந்தது எதுவுமில்லை என்பது தெரிந்துவிடும்.

அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நாடாவில் பூஞ்சை படர்வது வாடிக்கை. சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் போல் தெரிந்தால், அதை நல்ல பெட்டியில் போடவே கூடாது, நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி கெட்டு அடுத்த கேசட்டுக்கும் தொற்றிவிடும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும், திருகாணி போட்ட கூடு என்றால் அது எளிது. ஓடவிடும் முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். நகல் கேசட்டுகள் வேகமாகப் படியெடுக்கப்பட்டவை என்பதால் தலையின் சாய்வு பொருந்தாமல் உச்ச ஒலிகள் மங்கிக் கேட்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, 'டைம்' தொடக்கத்துக் கடிகாரங்கள் தெளியும் வரை சாய்வுத் திருகாணியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் அரை நிமிட இதயத் துடிப்பு இரைச்சலில் மூழ்கித்தான் இருக்கும், அதற்கு மருந்தில்லை. இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின் மேல் ஏவ வேண்டாம்; தனியாக ஒரு படியெடுத்து அதில் செய்யலாம்.

தட்டின் விலை பற்றி. 1972ஆம் ஆண்டின் அசல் பூட்லெக் தட்டு என்றால் சேகரிப்பவர்களிடையே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் இத்தகைய தட்டுகளை மற்ற கள்ள நிறுவனங்கள் திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பதால், அது முதல் அச்சு என்பதை நிறுவுவது விற்பவரின் பொறுப்பு. இசைக்காக வாங்குவதென்றால் காரணமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடாத ஒலிப்பதிவின் மேல் உரிமை காலாவதியாகிவிடும். அதனால்தான் 2013 இறுதியில் பீட்டில்ஸ் குழுவின் பழைய பதிவுகள் இணையக் கடையில் திடீரென்று தோன்றின, அதே கணக்கில்தான் 2022 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டின் 1972ஆம் ஆண்டுக் கச்சேரிகள் பலவும் ஆரவாரமின்றி இணைய இசைச் சேவைகளில் வந்தன. ஒலித்தரம் பூட்லெக்கின் தரமே, பார்வையாளர் இருமுவது உட்பட. 2011இல் வந்த பெரிய பெட்டிப் பதிப்பிலோ, ஆலன் பார்சன்ஸ் 1972இல் செய்த முற்கால ஒலிக்கலவையும், 1974 நவம்பரில் வெம்ப்ளியில் பி.பி.சி. பதிவு செய்து பல்லாண்டு பூட்லெக்காக உலவிய கச்சேரியின் முழு 'டார்க் சைட்' பகுதியும் முறைப்படி இடம்பெற்றன. அந்த வெம்ப்ளிப் பதிவு 2023இல் தனித் தட்டாகவும் வந்துவிட்டது. பெரியவரின் 350 வெள்ளிக்கு அதை வாங்கிக்கொண்டு, மீதியில் குழுவுக்கே தே தாரிக் வாங்கித் தரலாம்.

இன்னொரு எச்சரிக்கை. 'டார்க் சைட் ஆஃப் த மூ' என்று பசுவின் படத்தோடு 1986இல் வந்த ஒரு பூட்லெக்கையும் இதன் வேறு பதிப்பு என்று யாராவது நீட்டக்கூடும். அது குழுவின் தொடக்கக்கால அரிய பாடல்களின் தொகுப்பு. தலைப்பு வெறும் கேலி. நல்ல தொகுப்புத்தான், ஆனால் இந்தக் கதையைச் சேர்ந்ததன்று.

கூட்டத்தில் போடும் வரிசைக்கு என் யோசனை இது. 1972ஆம் ஆண்டுக் கச்சேரியை முழுவதுமாகப் போடாதீர்கள்; பாதிப்பேர் வெளியே புகைக்கப் போய்விடுவார்கள். முதலில் அதன் 'டிராவல் சீக்வென்ஸ்' பகுதியைப் போட்டு, உடனே ஆல்பத்தின் 'ஆன் த ரன்'. பிறகு சாவு பற்றிய பழைய பகுதி, அடுத்து பார்சன்ஸின் முற்காலக் கலவையில் டோரி வருவதற்கு முந்தைய வடிவம், அதன் பின் ஆல்பத்தில் இருப்பது. மூன்றையும் அடுத்தடுத்து கேட்டால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பின்னர் சாக்ஸஃபோன் இல்லாத 'மணி'. அதோடு ஓர் இடைவேளை விட்டு, ஆல்பத்தைத் தட்டிலிருந்து முழுமையாகப் போடுங்கள். கைப்பேசியில் போட்டால் 'கிரேட் கிக்' முடிந்த மறுகணம் 'மணி'யின் காசு ஓசை வந்துவிடும், தட்டைத் திருப்பிப் போடும் அந்தச் சிறு இடைவெளி இந்தப் படைப்புக்கு வேண்டும். நேரமிருந்தால் அப்பாவின் கேசட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை அவரையே போடச் சொல்லுங்கள்.

அதற்கடுத்த மாதத்துக்கும் விஷயம் இருக்கிறது. ரெயின்போ அனுபவத்துக்குப் பிறகும் பிங்க் ஃபிளாய்ட் 1974இல் மூன்று புதிய பாடல்களைப் பதிவுக்கு முன்பே மேடையேற்றினார்கள், அவையும் 'பிரிட்டிஷ் வின்டர் டூர் 74' என்ற பூட்லெக்காக வந்து நன்றாக விற்றன. மூன்றில் ஒன்று 1975இல் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் முதுகெலும்பான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'; மற்ற இரண்டும் வேறு பெயர்களில் 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்குப் போயின. சக்கர நாற்காலியில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து அரங்குக்குள் கொண்டு போனவர் என்று பேர் பெற்ற மைக் மில்லார்ட், 1975 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்த பதிவில் அந்தப் புதிய பாடல்களும் முழு 'டார்க் சைட்'டும் ஒரே இரவில் கிடைக்கின்றன. அந்தப் பதிவையும் 2025 டிசம்பரில் 'விஷ் யூ வேர் ஹியர்' ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் குழுவே முறைப்படி சேர்த்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அதிலிருந்து தொடங்கலாம்.